பிள்ளைக் காம்பரா, டே கெயார்: பதிவு, பாதுகாப்பு, முறைப்பாடு பற்றி மலையகப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா ஆயாவின் கையில் கொடுத்துவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஓடுகிற அம்மாவுக்கும், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கடை வேலைக்குப் போகும்போது டவுன் டே கெயாரில் பிள்ளையை விடுகிற அம்மாவுக்கும் ஒரே கவலைதான்: சாயங்காலம் வரைக்கும் பிள்ளை பத்திரமாக இருக்குமா? அந்தக் கவலையிலிருந்து எழுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் சொல்வது எது, என் அபிப்பிராயம் எது என்பதைப் பிரித்தே காட்டியிருக்கிறேன்.

பிள்ளை இப்போதே ஆபத்தில் இருந்தால் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அம்புலன்சுக்கு 1990, பொலிஸுக்கு 119, பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்வதாகத் தெரிந்தால் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

பிள்ளைக் காம்பரா, சிறுவர் அபிவிருத்தி நிலையம், டே கெயார், மொண்டிசோரி எல்லாம் ஒன்றா?

முதல் இரண்டும் ஒன்று. தோட்ட நிர்வாகம் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக நடத்துவது. பிரசவ லீவு முடிந்து அம்மா வேலைக்குத் திரும்பும் நாளிலிருந்து பிள்ளை ஸ்கூலுக்குப் போகும் வயது வரை அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

டே கெயார் என்பது பெரும்பாலும் டவுனில் தனியார் கட்டணம் வாங்கி நடத்துவது. மொண்டிசோரி, அதாவது முன்பள்ளி, மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காலையில் சில மணி நேரம் நடப்பது. முன்பள்ளிப் பதிவும் பகற்பராமரிப்புப் பதிவும் வெவ்வேறானவை. பாடம் முடிந்த பிறகு பின்னேரம் வரை பிள்ளைகளை வைத்துக்கொள்கிற முன்பள்ளிகள் டவுன்களில் நிறைய இருக்கின்றன. அங்கே பிள்ளை சாப்பிடுகிறது, தூங்குகிறது, மருந்து குடிக்கிறது. முன்பள்ளிப் பதிவு மட்டும் அதற்குப் போதாது.

டே கெயார் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு சான்றிதழ் தொங்குகிறது. அப்படியென்றால் பதிவு இருக்கிறதுதானே?

கிட்டப் போய் வாசியுங்கள். பல இடங்களில் தொங்குவது வியாபாரப் பெயர்ப் பதிவு. கோழிக்கடைக்கும் சலூனுக்கும் கொடுப்பதும் அதுதான். அந்தப் பெயரில் ஒருவர் தொழில் செய்கிறார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. நகரசபையோ பிரதேச சபையோ கொடுத்த அனுமதிப் பத்திரமாகவும் இருக்கலாம். ஆசிரியை படித்து வாங்கிய டிப்ளோமாவாகவும் இருக்கலாம். பிள்ளை பராமரிப்புக்குத் தகுந்த இடம் என்று யாரோ வந்து பார்த்துச் சொன்னதாக இவற்றில் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது.

நான்கு விடயங்களைத் தேடுங்கள். யார் கொடுத்தது? எந்த முகவரிக்கு? எத்தனை பிள்ளைகளுக்கு? எந்தத் திகதி வரை? முகவரிதான் அடிக்கடி பிசகுகிற இடம். பழைய கட்டடத்துக்கு வாங்கிய பதிவை வைத்துக்கொண்டு வாடகை குறைந்த வேறொரு வீட்டின் மேல்மாடிக்கு மாறியிருப்பார்கள்.

இலங்கையில் பகற்பராமரிப்பு நிலையங்களை நீண்ட காலமாக வழிகாட்டல்களையும் மாகாண விதிகளையும் வைத்தே நடத்திவந்திருக்கிறார்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை இதற்கென்று வழிகாட்டல்களை வெளியிட்டிருக்கிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் மாகாணத்தின் கீழ் வருவதால் நுவரெலியாவில் இருப்பவருக்கு மத்திய மாகாணம், பதுளையில் இருப்பவருக்கு ஊவா, இரத்தினபுரியில் இருப்பவருக்கு சப்ரகமுவ. இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிரதேச செயலகத்துக்குப் போய் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்து, “இந்த இடம் உங்கள் பட்டியலில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். பட்டியலில் இருந்தால் கடைசியாக யார், எப்போது போய்ப் பார்த்தார் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் சுவரில் ஒன்றுமே இல்லை. அதற்கு யார் பொறுப்பு?

தோட்ட நிர்வாகம். இதைத் தெளிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குறை வரும்போது எல்லோருடைய விரலும் ஆயாவை நோக்கித்தான் நீளுகிறது. கூரை ஒழுகுவதற்கும் அடுப்பறைக்குக் கதவு இல்லாததற்கும் ஆயா பொறுப்பில்லை. அவரும் உங்களைப் போல செக்ரோலில் (தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பேர் இருக்கிற ஒருவர்தான்.

1992இல் அரசிடம் இருந்த தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியது. அதே ஆண்டில் தொடங்கப்பட்டதுதான், மக்கள் ‘ட்ரஸ்ட்’ என்று சொல்கிற பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அதில் அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் பங்காளிகள். பிள்ளைக் காம்பராக்களைத் திருத்துவது, ஆயாக்களுக்குப் பயிற்சி கொடுப்பது எல்லாம் ட்ரஸ்ட் செய்கிற வேலை. ஜனவசம தோட்டம் அல்லது அரச பெருந்தோட்ட யாக்கத்தின் தோட்டம் என்றால் நிர்வாகமே அரசுடையது.

பாதை, படிக்கட்டு, தண்ணீர் என்றால் பிரதேச சபையிடமும் கேட்கலாம். தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க முடியாது என்ற தடை பல ஆண்டுகள் இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. “தோட்டத்துக்குள் எங்களுக்கு அதிகாரமில்லை” என்று இன்றைக்கும் யாராவது சொன்னால் அந்தத் திருத்தத்தை நினைவுபடுத்துங்கள்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் போய் என்னென்ன பார்க்க வேண்டும்?

சொல்லிவிட்டுப் போனால் கூட்டித் துடைத்து வைத்திருப்பார்கள். அதனால் பகல் பதினொரு மணிபோல், சாப்பாடும் தூக்கமும் ஒன்றாக நடக்கிற நேரத்தில் சொல்லாமல் போங்கள். பெற்றோரை உள்ளே விடமாட்டோம், வாசலில் நின்றே பேசுங்கள் என்று ஒரு இடம் சொன்னால், அந்த இடத்தில் பிள்ளையை விட வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் நெருப்பு. நமது காம்பராக்களில் விறகடுப்பு இன்னும் இருக்கிறது. டவுனில் காஸ். எது இருந்தாலும் அடுப்பு இருக்கிற இடத்துக்கும் பிள்ளைகள் தவழுகிற இடத்துக்கும் நடுவில் பூட்டுகிற கதவு வேண்டும். பால்மா கரைக்கக் கொதிக்க வைத்த தண்ணீர்ப் பானை எந்த உயரத்தில் இருக்கிறது? பிள்ளையின் கை எட்டினால் அது தவறான இடம்.

பிறகு தண்ணீர். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட வேண்டாம், துணி துவைக்க நிரப்பிய வாளியில் தலைகுப்புற விழுந்தாலே தவழும் பிள்ளையின் உயிர் போகும். பீலிக்கரை (தண்ணீர் பிடிக்கிற இடம்), தொட்டி, மூடாத கான், கழிவறைக் குழி எல்லாவற்றையும் சுற்றிப் பாருங்கள். மலைச் சரிவில் கட்டிய இடங்களில் முற்றத்துக்குக் கீழே ஏழெட்டு அடிப் பள்ளம் இருக்கும். வேலி வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை ஏற முடியாத வேலியாக இருக்க வேண்டும்.

தோட்டங்களில் இன்னொன்று இருக்கிறது. புல் மருந்து, பூச்சி மருந்து வந்த கேன்களைக் கழுவித் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். எத்தனை முறை கழுவினாலும் அது பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வரக்கூடாது. மருந்தடிக்கிற ஸ்டோருக்குப் பக்கத்தில் காம்பரா இருந்தால் அதையும் கேள்வி கேளுங்கள். மண்ணெண்ணெய் போத்தல் சோடாப் போத்தலாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

தூங்கும் இடத்தைப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். முகத்துக்குப் பக்கத்தில் தலையணை, தடித்த கம்பளி இருக்கக்கூடாது. குளிர் ஊர் என்பதால் நாம் போர்த்தித்தான் பழக்கம். முகத்தை மூடாமல் உடுப்பில் சூடு கொடுப்பதே சரி. சேலைத் தொட்டில் கட்டியிருந்தால் கண்முன்னே ஆள் இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து திரும்புகிற வயதுப் பிள்ளையை அதில் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகக்கூடாது, துணி கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். போத்தலைத் தலையணையில் சாய்த்து வைத்துப் பால் கொடுப்பதைக் கண்டால் உடனே சொல்லுங்கள், பால் புரையேறும்.

டே கெயார்களில் நடக்கிற ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் சத்தம் போடாமல் தூங்குவதற்காகச் சளிக்குக் கொடுக்கிற சிரப்பைக் கொடுப்பது. உங்கள் பிள்ளை ஒவ்வொரு நாளும் பின்னேரம் மந்தமாக, கண் சொருகி வீட்டுக்கு வந்தால் நேராகக் கேளுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்காத எந்த மருந்தும் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது.

அவர்களும் உங்களிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். பிள்ளையின் கிளினிக் அட்டையைப் பார்த்து ஊசிகள் போட்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும் (2, 4, 6 மாதங்களில் போடுகிற ஐங்கூட்டுத் தடுப்பூசி, 9ஆம் மாதம் எம்.எம்.ஆர்.). எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, யார் யார் பிள்ளையைக் கூட்டிப் போகலாம், அவசரத்துக்கு எந்த போன் நம்பர் என்றும் கேட்க வேண்டும். இவற்றை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்கிற இடம் நல்ல இடம். ஒன்றும் கேட்காமல் “விட்டுட்டுப் போங்க” என்று சொல்வது ஈடுபாடில்லாத இடம்.

ஒரே ஒரு ஆயாதான் இருக்கிறார். அது குற்றமா?

குற்றம் என்பதைவிட, அது ஒரு விபத்துக்கான ஏற்பாடு. அவர் ஒரு பிள்ளைக்கு மலசலம் கழுவப் போனால் மீதிப் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்? அவருக்குக் காய்ச்சல் வந்தால்? ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தால்? பிள்ளைகள் எத்தனை பேராக இருந்தாலும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். முறைப்பாட்டில், “ஆயா கவனிப்பதில்லை” என்று எழுதாமல், “இத்தனை பிள்ளைகளுக்கு ஒருவரே நியமிக்கப்பட்டிருக்கிறார்” என்று எழுதுங்கள். உண்மையும் அதுதான், பதில் சொல்ல வேண்டியவரும் அப்போதுதான் பதில் சொல்வார்.

உதவிக்கு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையை வைத்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

இல்லை. 2021இல் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வியும் 16 வயது வரை. அந்தப் பிள்ளை ஸ்கூலில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையைப் பாதுகாக்க இன்னொரு பிள்ளையின் படிப்பை எடுப்பதை ஏற்கவே முடியாது.

மழை நாட்களில் என்ன செய்வது? எங்கள் காம்பராவுக்குப் பின்னால் மலை நேராக நிற்கிறது.

இதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒரு பைலில் இருந்தது, மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் பெய்த மழையின் அளவை வைத்து மூன்று கட்டமாக எச்சரிக்கை கொடுக்கிறது. 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் தயார்நிலை, 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலும் வெளியேற வேண்டும். தோட்டங்களில் மழை அளக்கிற கருவியும் பதிவுப் புத்தகமும் பெரும்பாலும் ஒபிஸிலேயே இருக்கும், கொழுந்துக் கணக்குக்காக எழுதுவார்கள். அந்த அளவை ஒவ்வொரு நாளும் காலையில் காம்பரா ஆயாவுக்கும் சொல்லச் சொல்லுங்கள். செலவில்லாத ஏற்பாடு இது.

முதலாவது எச்சரிக்கையே வந்துவிட்டால், தவழுகிற பிள்ளைகளை உடனே வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் ஓடலாம். ஒரு ஆயா எட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, திடீரென்று இறுகி மூட முடியாமல் போகும் கதவு, சாய்கிற மரம், காரணமில்லாமல் கலங்குகிற அல்லது நின்றுபோகிற பீலித் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்காமல் பிள்ளைகளை வெளியே எடுங்கள். பிறகு 117க்கு எடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். கட்டடம் நிற்கிற இடத்தைப் பரிசோதிக்கும்படி பிரதேச செயலகம் ஊடாகக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம்.

குளவிக்கூடு?

காம்பராவைச் சுற்றி இருக்கிற மரங்களையும் கூரைத் தாழ்வாரத்தையும் நிர்வாகம் ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். கூடு கண்டால் பிள்ளைகளை வெளியே விடாமல் ஒபிஸுக்குச் சொல்லுங்கள், புகை போட்டு நீங்களே கலைக்க வேண்டாம். கொட்டிவிட்டால், சின்னப் பிள்ளை என்றால், ஒரு கொட்டு என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு இழுத்தால், வாந்தி வந்தால், முகம் வீங்கினால் ஒரு நிமிடமும் தாமதம் வேண்டாம்.

பால் கொடுக்க காம்பராவுக்குப் போனால் அரைப் பேர் (அரை நாள் சம்பளம் மட்டும்) போடுவேன் என்கிறார் கங்காணி.

போட முடியாது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்படி ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு ஒன்பது மணி நேர வேலைக்குள் இரண்டு இடைவேளை கொடுக்க வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம். இல்லையென்றால் ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு மணி நேரம். எந்த நேரத்தில் வேண்டும் என்பதைத் தாய்தான் சொல்ல வேண்டும். அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்படும், சாப்பாட்டு இடைவேளையில் கழிக்கவும் கூடாது. மீறினால் தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம்.

ஆயா பிள்ளைக்கு அடிக்கிறார். “கொஞ்சம் கண்டிச்சாத்தான் அடங்கும்” என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

தண்டனைச் சட்டக்கோவையில் 308அ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1995இல் சேர்க்கப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்த ஒருவரைத் தன் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர், வேதனையோ உடல்நலக் கேடோ வரும்படி வேண்டுமென்றே தாக்கினால், கொடுமைப்படுத்தினால், கவனிக்காமல் விட்டால், கைவிட்டால் அது குற்றம். இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத, பத்து ஆண்டுகள் வரையிலான சிறை. வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவதும் அந்தப் பிரிவுக்குள் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளையை அறைக்குள் பூட்டிவிட்டு வெளியே போவது, நனைந்த உடுப்போடு குளிரில் விடுவது எல்லாம் ‘சின்ன விஷயம்’ இல்லை.

பேசத் தெரியாத பிள்ளைக்கு அடி எதையும் கற்பிக்காது. இரண்டு வயதுப் பிள்ளை அழுவது பசியால், தூக்கத்தால், அம்மாவைத் தேடுவதால்.

பிள்ளையின் உடம்பில் காயம் இருக்கிறது. கேட்டால் விழுந்தது என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பிள்ளைகள் விழுவது உண்மை. முழங்கால், முன்நெற்றி, முழங்கை என்றால் பெரும்பாலும் விழுந்ததுதான். காது, கழுத்து, முதுகு, தொடை, பிட்டம், இன்னும் நடக்காத பிள்ளையின் உடம்பில் எங்கே இருந்தாலும், வேறு விதமாக யோசிக்க வேண்டும். விரல் பதிந்த தழும்பு, கோடாக இருக்கிற தழும்பு, வட்டமான சூட்டுக் காயம் எல்லாம் அப்படித்தான்.

ஆயாவோடு வாசலில் சண்டை போட வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். டொக்டரிடம், “டே கெயாரில் இருந்தபோது வந்த காயம், எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது” என்று சொல்லி, அதை டிக்கட்டில் (ஆஸ்பத்திரிக் குறிப்பில்) எழுதச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்துத் தழும்பு மறைந்த பிறகு எழுதும் கடிதத்தைவிட அந்த ஒரு வரி பலமானது. பகல் வெளிச்சத்தில், திகதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். நடந்ததாக அவர்கள் சொன்னதை அவர்களுடைய வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். மறுநாள் கதை மாறினால் அது தெரியவரும்.

சூடுபட்ட காயம் என்றால் முதலில் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் பிடிக்க வேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய் எதுவும் பூசாமல் கொண்டு போங்கள்.

பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்க வேண்டும். பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேட்கவே கூடாது. சொந்தக்காரர் ஒவ்வொருவரும் வந்து கேட்டால் பிள்ளை குழம்பும், பயப்படும், பிறகு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாது. அது தானாகச் சொன்னதை மட்டும் கேட்டு, “நீ சொன்னது நல்லது” என்று சொல்லிவிட்டு 1929க்கு எடுங்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவில் பேசுவதற்குக் கேளுங்கள்.

எந்தக் குறைக்கு முறைப்பாடு போதும், எதற்கு அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்?

வேலை போனாலும் சம்பளம் போனாலும் அன்றைக்கே கூட்டி வர வேண்டியவை: அடி அல்லது பாலியல் தொல்லை பற்றிய சந்தேகம், பிள்ளைகளைத் தனியே விட்டுப் பூட்டியது, பார்ப்பவர் குடித்திருப்பது, தூங்க வைக்க மருந்து கொடுப்பது, மண்சரிவு அறிகுறி, யாரென்று தெரியாதவரிடம் உங்கள் பிள்ளையைக் கொடுத்து அனுப்பியது.

ஒழுகுகிற கூரை, விளையாட்டுச் சாமான் இல்லாமை, கழிவறை அசுத்தம், வேலி உடைந்தது, பதிவு முடிந்தது போன்றவற்றுக்கு எழுதித் திகதி கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். கழிவறைக்கும் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைக்கலாம், அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இருப்பார்.

முறைப்பாட்டை யாருக்கு, எப்படி எழுதுவது?

வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். சங்கத் தலைவரிடம் சொன்னேன், தலைவர் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) சொன்னார், துரை பார்ப்போம் என்றார் என்பதோடு ஆறு மாதம் ஓடிவிடும். ஒரு பக்கம் எழுதினால் போதும். இப்படி:

‘திகதி: … . தோட்ட முகாமையாளர் அவர்களுக்கு. … தோட்டம், … டிவிசன் பிள்ளைக் காம்பராவில் அடுப்பறைக்குக் கதவு இல்லை. … ஆம் திகதி பகல் … மணிக்கு … வயதுப் பிள்ளை ஒன்று அடுப்புக்கு அருகில் சென்றதை நாங்கள் கண்டோம். … ஆம் திகதிக்கு முன் கதவு போட்டுத் தரும்படி கேட்கிறோம். பிள்ளைகளின் பெற்றோர்: (கையெழுத்துகள்). பிரதிகள்: நலன்புரி உத்தியோகத்தர், பிரதேச செயலகச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், சுகாதார வைத்திய அதிகாரி.’

கண்டதை மட்டும் எழுதுங்கள். “ஆயா சரியில்லை”, “நிர்வாகம் மோசம்” என்ற வரிகள் கடிதத்தைப் பலவீனப்படுத்தும். ஒருவர் பெயரில் போகாமல் பத்துப் பேர் கையெழுத்து வைத்தால் யாரையும் தனியே கூப்பிட்டு மிரட்ட முடியாது. ஒரு பிரதியில், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் திகதியும் வாங்கி வையுங்கள். கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். டவுன் டே கெயார் என்றால் உரிமையாளருக்கு எழுதிப் பிரதிகளை அதே உத்தியோகத்தர்களுக்கு அனுப்பலாம்.

நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகங்களே இருந்தன, பிறகு கூட்டப்பட்டன. உங்கள் தோட்டம் இப்போது எந்தச் செயலகத்தின் கீழ் வருகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

பொலிஸில் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்.

தமிழில் வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழ் உத்தியோகத்தர் வரும் வரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று முழுவதும் வாசித்துத் தமிழில் சொல்லாத எதிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முறைப்பாடு செய்தால் வேலையை நிறுத்துவார்களா? லயத்தை விட்டுப் போகச் சொல்வார்களா?

இந்தப் பயம் நியாயமானது. வேலையும் வீடும் ஒரே கையில் இருக்கிற இடத்தில் வாழ்கிறோம். அதனால்தான் கூட்டாகக் கையெழுத்து வையுங்கள் என்கிறேன், வெளியே இருக்கிற அலுவலகங்களுக்குப் பிரதி அனுப்புங்கள் என்கிறேன். குற்றம் ஒன்றைப் பற்றி முறையிட்டவரையோ சாட்சியையோ மிரட்டுவது, பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கிற 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். மிரட்டினால் அந்த வார்த்தைகளையும் திகதி போட்டு எழுதி, தொழிற்சங்க மாவட்ட அலுவலகத்துக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் (தொலைபேசி இலக்கம் 1996) சொல்லுங்கள். 1929க்குச் சொல்லும்போது பெயர் சொல்லாமலும் தகவல் கொடுக்கலாம்.

காம்பராவை மூடிவிட்டால் பிள்ளையை எங்கே விடுவது?

நான் மூடச் சொல்லவே இல்லை. மூடினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும்: பத்து வயது அக்கா ஸ்கூலுக்குப் போகாமல் தம்பியைப் பார்ப்பாள், அல்லது லயத்து அறையில் பாட்டி தூங்க, அடுப்பு எரிய, பிள்ளை தவழும். அதனால் கடிதத்தில், ‘மூடுங்கள்’ என்று எழுதாமல், ‘இந்தத் திகதிக்குள் திருத்துங்கள், திருத்தும் வரை பிள்ளைகளை இந்த இடத்தில் வையுங்கள்’ என்று எழுதுங்கள். கிளப், கோயில் மண்டபம், ஸ்கூலில் காலியாக இருக்கிற அறை, எது பாதுகாப்பானதோ அதை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். மாற்று இடம் கடிதத்திலேயே இருந்தால், “மூடினால் எங்கே போவீர்கள்?” என்று கேட்டு உங்களை வாயடைக்க முடியாது.

பரிசோதனை அறிக்கையை நாங்கள் பார்க்கலாமா?

கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு கடிதம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தான விடயம் என்றால் 48 மணி நேரம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

நடந்ததை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போடலாமா?

எடுங்கள். பொலிஸுக்கும் 1929க்கும் கொடுங்கள். பொதுவில் போட வேண்டாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி வெளியிடுவதே தண்டனைச் சட்டக்கோவையின் 365இ பிரிவின்படி குற்றம். மற்றக் கொடுமைகளிலும் அந்தப் பிள்ளையின் முகம் ஊர் முழுக்கப் போன பிறகு திரும்ப எடுக்க வழியில்லை.

அம்மா வெளிநாட்டில். பேரப்பிள்ளையை நான்தான் பார்க்கிறேன். நான் முறைப்பாடு செய்யலாமா?

தாராளமாக, ஆச்சி. பிள்ளை மீதான குற்றத்தைப் பற்றிச் சொல்லப் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து லயத்துக்காரர்கூடச் சொல்லலாம். ஆனால் பிள்ளையைச் சேர்க்கும்போதே பாதுகாவலர் என்று உங்கள் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழின் பிரதியும் மகளின் கையெழுத்தோடு ஒரு கடிதமும் உங்களிடம் இருக்கட்டும், ஆஸ்பத்திரியிலும் பொலிஸிலும் அலைச்சல் குறையும்.

நான் வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரைக் காசுக்குப் பார்க்கிறேன். எனக்கும் இதெல்லாம் உண்டா?

உண்டு. 308அ பிரிவு உங்களுக்கும் பொருந்தும். பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிவு பற்றிக் கேளுங்கள். பயந்து ஒளிக்க வேண்டாம், நீங்களாகப் போய்க் கேட்டால் என்ன திருத்த வேண்டும் என்று சொல்லித் தருவார்கள், பயிற்சி நடக்கும்போது கூப்பிடுவார்கள். அதுவரை ஒரு கொப்பியில் பிள்ளை வந்த நேரம், போன நேரம், கூட்டிப் போனவர், சாப்பிட்டது, விழுந்தால் எங்கே எப்படி என்பதை எழுதி, பின்னேரம் அம்மாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவதும் அந்தக் கொப்பிதான்.